விமானம் மாறினால் அபராதம் யார் தலையில்?

நம் லயங்களிலிருந்து விசிட் விசாவில் டுபாய், அபுதாபி போகிறவர்களுக்குப் பெரும்பாலும் திரும்பும் டிக்கெட்டை ஏஜென்டே போட்டுக் கொடுக்கிறார். விசா முடியும் நாளுக்கே போடுகிறார். அந்த விமானம் இரத்தாகி மூன்று நாள் தள்ளிப்போனால் விசாவும் தள்ளிப்போகும் என்று நம்மவர்கள் நம்பியிருக்கிறார்கள். தள்ளிப்போகாது. டிக்கெட் விமானக் கம்பனியின் கையில், விசா அந்நாட்டுக் குடிவரவு அதிகாரிகளின் கையில்.

அமீரகத்தில் கூடுதலாக நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹம் அபராதம். நம் காசில் நாலாயிரம் ரூபாவுக்கு மேல். 2024இல் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் கணக்குப் பாருங்கள்: மூன்று நாள் பேர் அங்கே ஒரு நாள் அபராதத்துக்கே போய்விடுகிறது. கட்டாமல் விமானம் ஏறவும் முடியாது.

அரசாங்கங்கள் நினைத்தால் இதை நிறுத்தலாம். 2020 மார்ச்சில் கட்டுநாயக்க மூடப்பட்டபோது, இங்கே மாட்டிக்கொண்ட வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர்களுக்கு நம் அரசாங்கம் விசாவைத் திரும்பத் திரும்ப நீடித்தது. அமீரகமும் அந்த மார்ச் 1க்குப் பின் முடிந்த விசாக்களுக்குத் தவணை கொடுத்தது. சரியான வேலைதான். ஆனால் அது உலகமே நின்றபோது கிடைத்த சலுகை. ஒரே ஒரு கொழுந்துக்காரியின் விமானம் நின்றால் எந்த அமைச்சரவையும் கூடுவதில்லை.

நம் சனத்துக்கு இது புதிதும் அல்ல. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 525,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று முடிவானது. ஒப்பாரிக் கோச்சியில் தலைமன்னார் போய்க் கப்பல் ஏறியவர்கள் போக, இந்தியக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு தோட்டத்திலேயே காத்திருந்தவர்கள் ஆயிரக்கணக்கில். 1984இல் யுத்தத்தால் கப்பல் நின்றது. கப்பலை நிறுத்தியது அவர்களா? ஆனால் கையிலிருந்த விசாவின் தேதி மட்டும் நிற்காமல் ஓடியது. பிறந்த தோட்டத்திலேயே, கொழுந்து பறித்துக்கொண்டே, அவர்கள் காலம் கடந்து தங்கியவர்கள் ஆனார்கள். இலங்கைப் பிரசாவுரிமை கோர அவர்களுக்கு வழி திறந்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தில்தான். பத்தொன்பது வருடம்!

விசிட் விசாவில் வேலைக்குப் போக வேண்டாம் என்று சங்கம் சொல்லி வருகிறது, இனியும் சொல்லும். பணியகத்தில் பதியாமல் போகிறவர்களுக்கு அங்கே கேட்பார் இல்லை. ஆனால் பதியவில்லை என்பதற்காக, விமானக் கம்பனி செய்த தாமதத்துக்கு அந்தப் பெண் தண்டம் கட்டுவது நியாயமாகிவிடாது. டிக்கெட் போட்ட ஏஜென்ட் அந்த அபராதத்தைக் கட்ட வேண்டும். விசா முடிவதற்குக் குறைந்தது ஒரு வாரம் முன்னதாக டிக்கெட் போட வேண்டும். முடிவுத் தேதியைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். பாடசாலைக்கு எங்களிடம் வாசிக்கக் கொண்டுவரும் விசாத் தாள்களில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. படித்த பிள்ளையே அதில் தேதியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

விமானம் மாறினால் கம்பனி அனுப்பும் குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள். விசா முடியும் முன்பே அதைக் காட்டி நீடிப்புக் கேளுங்கள், தூதரகத்துக்கும் சொல்லுங்கள். ஏற்கெனவே அபராதம் கட்டியவர்கள் பற்றுச்சீட்டின் பிரதியைத் தோட்டத் தலைவரிடமோ மாதர் தலைவியிடமோ கொடுங்கள். பணியகத்துக்கு நாம் அனுப்பும் மனுவோடு அவற்றையும் சேர்க்கிறோம்.