சுருதி சேராத கிதார்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

இசை என்றால் இனிமை என்று எண்ணுவோர்க்கு, 1978-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்து ஹியூஸ்டன் நகரிலிருந்து வெளிவந்த ‘ரெடி ஃபார் தி ஹவுஸ்’ என்னும் இசைத்தட்டு ஒரு சோதனைதான். ஒரு கிதார், ஒரு குரல், துணைக்கு எவருமில்லை. உறையில் ஆளில்லாத ஓர் அறையின் படம். பாடியவர் ஒருவரேயாயினும், ‘தி யூனிட்ஸ்’ என்று ஒரு குழுவின் பெயரைப் போட்டிருந்தார். அப்பெயரில் வேறொரு குழு இருந்ததால் பின்னர் அது ‘ஜேண்டெக்’ ஆயிற்று. வெளியிட்டது ‘கார்வுட் இண்டஸ்ட்ரீஸ்’. அதன் முகவரி ஒரு தபால் பெட்டி எண்.

இதைக் கேட்ட விடுதி நண்பர், “கிதாருக்குச் சுருதி சேர்க்கத் தெரியாதவன் ஏன் பாட வந்தான்?” என்றார். என் கட்சி வேறு. வழக்கமான முறையில் அவர் தந்திகளைக் கட்டவில்லை என்பது மெய்யே. ஆனால் தெரியாமையால் நேர்ந்திருந்தால் பாட்டுக்குப் பாட்டு அது தடுமாறியிருக்க வேண்டும் அன்றோ? இங்கோ, பாட்டு மாறினாலும் அந்த விசித்திரமான ஒலி மாறுவதில்லை. இயற்பியல் செய்முறை வகுப்பில் ஒரே அளவு திரும்பத் திரும்ப வந்தால் அதைத் தற்செயல் என்று எழுதிவிட மாட்டோம்.

அதே ஹியூஸ்டனில் வாழ்ந்து 1982-இல் மறைந்த புளூஸ் பாடகர் லைட்னின் ஹாப்கின்ஸ், பன்னிரண்டு தாளக்கட்டு என்னும் புளூஸ் விதியைத் தம் விருப்பம்போல் நீட்டுவார், குறைப்பார். உடன் வாசிப்போர் திண்டாடுவார்கள். அவருக்குக் கணக்குத் தெரியாது என்று எவரும் சொல்லவில்லை. ஹாப்கின்ஸின் விரல் வித்தை ஜேண்டெக்கிடம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். இத்தட்டின் இரு பக்கங்களையும் ஒரே மூச்சில் கேட்க என்னாலும் இயலவில்லை. ஆயினும் நள்ளிரவில் தனியே இருப்பவன் தனக்குத்தானே பேசிக்கொள்ளும் அந்தக் குரலில் பாசாங்கு இல்லை.

நண்பரின் கேள்வியில் என்னை உறுத்துவது ‘ஏன் வந்தான்’ என்பதுதான். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்களுக்கு அக்கேள்வி புதிதன்று. நாங்கள் சேர்க்கைக் கடிதத்தைக் காட்டியாவது பதில் சொல்லலாம். இம்மனிதர் எவருடைய கடிதத்தையும் எதிர்பார்க்கவில்லை. தாமே பதிந்தார், தாமே வெளியிட்டார். அடுத்த தட்டு வர 1981 ஆயிற்று. இன்று அவை நூறைத் தாண்டிவிட்டன!

ரசிகர்கள் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. ‘யார் இவர்?’ என்று துப்பறிவதிலேயே பலர் காலம் கழித்தார்கள். 2003-இல் அவரைப் பற்றி ஒரு முழு ஆவணப்படமே வந்தது. அவர் அதில் தோன்றவில்லை. 2004 அக்டோபரில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், முன்னறிவிப்பு ஏதுமின்றி முதன்முறையாக மேடையேறி வாசித்தார். ஒளிந்திருந்தவர் அகப்பட்டுவிட்டார் என்று மகிழ்வதைவிட, அன்று என்ன வாசித்தார் என்று கேட்பதே மரியாதை.

முதல் தட்டின் கடைசிப் பாட்டு ‘யூரோப்பியன் ஜுவல்’. அதில் மட்டும் மின்சாரக் கிதார் ஒலிக்கிறது. பாதியில் சட்டென்று அறுந்துபோகிறது. அதை மறைக்காமல் ‘முற்றுப்பெறாதது’ என்று பாட்டின் பெயருடனேயே அச்சிட்டிருக்கிறார். பிந்திய தட்டுகளில் அதே பாட்டை மீண்டும் எடுத்திருக்கிறார். அவற்றை இந்த விடுமுறையில் கேட்க எண்ணியிருக்கிறேன், நண்பரையும் அழைத்திருக்கிறேன்.