"மகனுக்குத்தான் தெரியும்"

வெள்ளிக்கிழமை மாலைகளில் கேரம் டவுன்ஸ் ஸ்ரீ சிவா விஷ்ணு ஆலய வாசலில் எம்மவரின் வாகனங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. மகனோ மருமகளோ இறக்கிவிட, முதியோர் பாதணிகளைக் கழற்றிவிட்டு உள்ளே செல்கின்றனர். 1994ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்ட இவ்வாலயம், மெல்பேர்ணில் வாழும் எம் முதியோர் பலர் தம் வயதொத்தவரைக் கண்டு மனம்விட்டுப் பேசும் இடமுமாகும். அப்பேச்சில் அடிக்கடி காதில் விழும் சொல் "சீனி". "உங்களுக்கு இப்ப எவ்வளவு நிக்குது?" என்று ஒருவர் கேட்கிறார். "அது மகனுக்குத்தான் தெரியும்" என்கிறார் மற்றவர். இந்த விடையைப் பற்றியே இன்று எழுத முனைகின்றோம்.

நீரிழிவு நோவு தந்து எச்சரிக்கும் நோயன்று. கண்ணின் விழித்திரை, சிறுநீரகம், பாத நரம்பு ஆகியவற்றை ஓசையின்றி அரிக்கிறது. தெரியவரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். இத்தகைய நோயை மகனின் விடுமுறை நாளை நம்பி விட்டுவிட இயலாது. அவனுக்கு இரவு வேலை என்றால் பரிசோதனை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகிறது. மொழிபெயர்க்கவும் அவனே உடன் செல்கிறான். மகன் முன்னிலையில் தாய் எல்லாவற்றையும் கூறுவாளா? சிறுநீர் அடக்க முடியாமையையோ, மாத்திரையை இடைநிறுத்தியதையோ, விரதம் இருப்பதையோ அவள் சொல்வதில்லை. 131 450 என்ற எண்ணில் அரச மொழிபெயர்ப்புச் சேவை நாள் முழுவதும் இயங்குகிறது. வைத்தியர் அதனூடாகத் தமிழ் பேசுபவரைத் தொலைபேசியில் அழைக்கலாம். நோயாளியிடம் கட்டணம் இல்லை. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

எண்களிலும் ஒரு குழப்பம் உண்டு. ஊரில் 126, 180 என்று கேட்டுப் பழகியவர்கள் இங்கு 7, 10 என்று கேட்டதும் நோய் குறைந்துவிட்டதென மகிழ்கின்றனர். அளவை மட்டுமே வேறு. இங்குள்ள எண்ணை 18ஆல் பெருக்கினால் ஊர்க்கணக்கு வந்துவிடும். வெறுவயிற்றில் 7 என்பது அங்கு 126. இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் 7 வீதம் பொதுவான இலக்கு. ஆயினும் உடல் தளர்ந்த முதியவர்க்கு 8 வரை போகலாம் என வைத்தியர்கள் இலக்கைத் தளர்த்துவதுண்டு. எண் இறங்க இறங்க நல்லது என்று சோற்றுக் கோப்பையைப் பறிக்கும் பிள்ளைகள் இதனை அறிதல் வேண்டும். சீனி 4க்குக் கீழே இறங்கினால் தலை சுற்றும், வியர்க்கும், விழுந்து இடுப்பெலும்பும் முறியலாம்.

இந்த ஆபத்து விரத நாட்களில் மிகுதியாகிறது. கந்தசஷ்டியில் ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் உண்டு, காலை மாத்திரையை மட்டும் தவறாது விழுங்கும் அன்னையர் எம்மிடையே உளர். கிளிக்ளசைட் போன்ற மாத்திரை, உணவு வந்ததா இல்லையா என்று பாராது கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்யும். இன்சுலின் ஊசியும் அவ்வாறே. மெட்போமின் மட்டும் எடுப்பவர்க்கு அந்த அச்சம் குறைவு. எம்பாகிளிபுளோசின், டாபாகிளிபுளோசின் எடுப்போர்க்கு வேறு சிக்கல்: நெடுநேரப் பட்டினியில், சீனி அதிகம் ஏறாமலே இரத்தம் அமிலமாகக் கூடும். விரதத்தைக் கைவிடுமாறு நாம் கூறவில்லை. சஷ்டிக்குச் சில வாரங்கள் முன்னதாக வைத்தியரிடம் சொன்னால் அவர் மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றித் தருவார். மயக்கம் வருவதுபோல் தோன்றினால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியை நீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். கால்மணி நேரம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். அதனால் விரதம் முறிந்ததென்று முருகன் கோபிக்கப்போவதில்லை.

அடுத்து, கழற்றிவைத்த அந்தப் பாதணிகள். தைப்பூசம் இந்நாட்டில் கோடையில் வருகிறது. வெயிலில் கொதிக்கும் தரை உணர்விழந்த பாதத்தைச் சுட்டாலும் அவருக்குத் தெரியாது. வீடு சென்று கொப்புளத்தைக் கண்ட பின்னரே தெரியும். குளிர்காலத்தில் சுடுநீர்ப் பையும் ஹீற்றரும் இதே தீங்கைச் செய்கின்றன. வழுக்காத அடியுள்ள காலுறையுடன் வீதி சுற்றினால் பக்தி குறையாது. இரவில் படுக்குமுன் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும்.

உணவைப் பற்றி ஒரு சொல். குரக்கன் பிட்டென்றால் எவ்வளவும் உண்ணலாம் என்ற நம்பிக்கை தவறானது, அதுவும் மாப்பொருளே.

செலவென்று அஞ்சுவோர்க்கும் வழிகள் உள. 1987 முதல் இயங்கும் தேசிய நீரிழிவுச் சேவைத் திட்டத்தில் மெடிகெயார் அட்டை உள்ளவர் இலவசமாகப் பதிந்துகொள்ளலாம். குடும்ப வைத்தியர் நாட்பட்ட நோய்க்கான பராமரிப்புத் திட்டம் எழுதித் தந்தால், பாதச் சிகிச்சையாளர், உணவியலாளர் போன்றோரை ஆண்டுக்கு 5 தடவை வரை மெடிகெயார் உதவியுடன் காணலாம். சிலர் மேலதிகக் கட்டணம் அறவிடுவர், முன்பே கேட்டறிக. விசா முடிவை எதிர்பார்த்து, அட்டை காலாவதியாகிக் கிடக்கும் எம் உறவுகளின் நிலை வேறு. அவர்களே மருந்தைப் பாதியாக்கி உண்பவர்கள். அவர்கள் டான்டினோங்கில் உள்ள மொனாஷ் ஹெல்த் அகதிகள் நலப் பிரிவையோ, 2001இல் தொடங்கப்பட்ட புகலிடம் கோருவோர் வள நிலையத்தின் புட்ஸ்கிரே மருத்துவ நிலையத்தையோ நாடலாம். வழக்கு முடியட்டும் என்று நோய் காத்திருப்பதில்லை.

ஆலய நிருவாகத்தாரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. சஷ்டிக்கு முந்திய வெள்ளிக்கிழமைகளில் மண்டபத்தின் ஒரு மூலையில் ஒரு மேசை, தமிழ் பேசும் ஒரு தாதி, சீனி பார்க்கும் ஒரு கருவி. எம்மிடையே வைத்தியர்க்கும் தாதியர்க்கும் பஞ்சமில்லை. பிள்ளைகள் வாகனத்தில் காத்திருக்க, தாயும் தந்தையும் தனியே சென்று அமர்ந்து, தம் மாத்திரைகளின் பெயரையும் தம் எண்ணையும் தமக்குரிய ஒரு குறிப்பேட்டில் எழுதி எடுத்துவரலாம்.