பத்துப் பேரும் நூறு பேரும்

பழைய 29 தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாகச் சுருக்கி, 2025 நவம்பர் 21-ந் தேதி மத்திய அரசு அமலுக்குக் கொண்டுவந்தது. தொழிலுக்கும் தொழிலாளிக்கும் இதனால் நன்மை என்கிறது அரசு. தொழிலாளியின் கையைக் கட்டும் சட்டங்கள் என்கின்றன பெரும்பாலான மத்திய தொழிற்சங்கங்கள். டெல்லியில் அந்த வாதம் நடக்கட்டும். தாராவியில் தோல் பை தைப்பவருக்கும், செம்பூரில் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்ப்பவருக்கும், மாட்டுங்காவில் கணக்கு எழுதுபவருக்கும் அதற்கு முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது. முதலாளியின் எதிரே உட்கார்ந்து தங்களுக்காகப் பேச ஒருவர் உண்டா என்பதே அந்தக் கேள்வி.

இதற்காக இந்த நகரம் ஒரு முறை பெரிய விலை கொடுத்திருக்கிறது. 1982 ஜனவரி 18-ந் தேதி டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில், அன்றைய பம்பாயின் பஞ்சாலைத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 2½ லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். பரேல், லால்பாக், வொர்லி வட்டாரங்களில் மில் சங்குகள் ஓய்ந்தன. கூலி உயர்வோடு அவர்களுடைய கோரிக்கை முடியவில்லை. ஆண்டுக்கணக்கில் உழைத்தும் 'பத்லி' என்ற பெயரில் மாற்றாளாகவே வைக்கப்பட்டிருந்தவர்களை நிரந்தரமாக்க வேண்டும் என்றார்கள். தங்களுக்காகப் பேசும் சங்கம் எது என்பதைத் தாங்களே தீர்மானிக்க வேண்டும் என்றும் கேட்டார்கள்.

அந்தக் கடைசிக் கோரிக்கையில்தான் சிக்கல் இருந்தது. 1946-ம் ஆண்டின் பம்பாய் தொழிலுறவுச் சட்டப்படி, ஒரு வட்டாரத்தில் ஒரு தொழிலுக்கு ஒரே சங்கம்தான் தொழிலாளர் பிரதிநிதி. பஞ்சாலைத் தொழிலில் அந்த இடம் காங்கிரஸ் சார்புள்ள ராஷ்டிரிய மில் மஸ்தூர் சங்கத்திடம் இருந்தது. தொழிலாளர்கள் திரண்டு நின்றதோ வேறொருவர் பின்னால். ஆனாலும், "அங்கீகாரம் பெற்ற சங்கத்தோடு மட்டுமே பேசுவோம்" என்று ஆலை முதலாளிகள் சட்டத்தைக் காட்டிச் சொல்ல முடிந்தது. அரசும் அதற்கு மாறாக நடக்கவில்லை.

பேச்சுவார்த்தைக்கு வழி அடைபட்ட பிறகு, யாரால் அதிக நாள் தாக்குப்பிடிக்க முடியும் என்பதுதான் மிஞ்சியது. முதலாளிகளிடம் விற்காத துணி இருப்பில் இருந்தது. பல மில்களில் இயந்திரங்கள் பழையவை. ஓடாமல் நின்றதால் பெரிய இழப்பு இல்லை. பிவண்டியின் விசைத்தறிகள் துணி நெய்துகொண்டுதான் இருந்தன. தொழிலாளி வீட்டிலோ மாதம் பிறந்தால் வாடகை, மளிகைக் கடன், பள்ளிக் கட்டணம். கொங்கணத்திலும் சத்தாராவிலும் கொஞ்சம் நிலம் இருந்தவர்கள் ஊருக்குப் போய்க் கஞ்சி குடித்துக் காத்திருந்தார்கள். ஓராண்டுக்கு மேலாகியும் அந்த வேலைநிறுத்தம் முறைப்படி வாபஸ் பெறப்படவில்லை. தானாகவே கரைந்து போயிற்று. 1983-ல் 13 மில்களின் நிர்வாகத்தை மத்திய அரசு எடுத்துக்கொண்டது. பல்லாயிரம் பேருக்கு மறுபடி வேலை கிடைக்கவே இல்லை. மில் நிலங்களில் பிற்காலத்தில் வணிக வளாகங்களும் அடுக்குமாடிகளும் எழுந்தன.

தொழிலாளர் தலைமையும் இதில் குற்றமற்றது அல்ல. போராட்டத்தைத் தொடங்கத் தெரிந்தவர்களுக்கு அதை நிறுத்தும் நேரமும் தெரிந்திருக்க வேண்டும். நீண்ட நாள் தாங்கும் நிதி கையில் இல்லாமல், தலைவரின் சொல்லை மட்டும் நம்பி லட்சக்கணக்கான குடும்பங்களைக் காத்திருக்க வைத்தது பெரும் பிழை. சங்கங்களுக்குள் இருந்த போட்டியும் முதலாளிகளுக்கே உதவியது.

இதற்கு நேர்மாறான உதாரணம் நெல்லைச் சீமையிலேயே உண்டு. 1908-ல் தூத்துக்குடி கோரல் மில்லில் ஆயிரத்துச் சொச்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றார்கள். ஊர் மக்கள் ஆதரவு கொடுத்தார்கள். ஒன்றரை வாரத்துக்குள் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. ஆயிரம் பேருக்குக் கிடைத்தது 2½ லட்சம் பேருக்குக் கிடைக்கவில்லை. எண்ணிக்கை மட்டும் பலம் ஆகாது. எதிர்த்தரப்பைப் பேச வரவழைக்கும் வழியும், அதுவரை குடும்பத்தைத் தாங்கும் ஆதரவும் சேர்ந்திருக்க வேண்டும்.

தாராவித் தமிழ்த் தொழிலாளியிடம் இந்த மூன்றில் எது இருக்கிறது? ஒரு பட்டறையில் பத்துப் பேர், பன்னிரண்டு பேர். மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்று 1948-ம் ஆண்டுச் சட்டம் சொன்னது. புதிய தொகுப்பில் அது 20 ஆகிவிட்டது. மின்சாரம் இல்லாத இடத்துக்கு 20 என்பது 40 ஆயிற்று. ஆலையை மூடவும் ஆட்குறைப்புச் செய்யவும் அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற விதி முன்பு 100 பேருக்கு மேல் என்றிருந்தது. அது 300 ஆகிவிட்டது. 51 சதவீத ஆதரவுள்ள சங்கமே பேச்சுவார்த்தைச் சங்கம் என்ற விதி பார்வைக்கு நியாயமாகத் தெரிகிறது. ஆனால் அந்தச் சதவீதம் நிறுவனத்தின் வருகைப் பதிவேட்டை வைத்தே கணக்கிடப்படும். ஒப்பந்தக்காரரின் ஆள் என்று எழுதப்பட்டவர் அங்கே கணக்கில் வரமாட்டார்.

சட்டத்துக்கு வெளியே இன்னொரு கட்டு இருக்கிறது. பட்டறை முதலாளி பெரும்பாலும் ஊர்க்காரர், சில சமயம் உறவினர். ரயில் ஏற்றி அழைத்து வந்தவரும், படுக்க இடம் கொடுத்தவரும், தங்கை கல்யாணத்துக்கு முன்பணம் தந்தவரும் அவர்தான். "அண்ணாச்சி, சம்பளம் கூட்டித் தாருங்கள்" என்று கேட்டால் நன்றி மறந்தவன் என்ற பேச்சு ஊர் வரைக்கும் போய்ச் சேரும். அந்த அண்ணாச்சியின் நிலைமையும் எளிதல்ல. பெரிய வியாபாரி பீஸ் விலையைக் குறைக்கிறார். பணத்தை மாதக்கணக்கில் நிறுத்துகிறார். அந்த நெருக்கடி முழுவதும் கடைசியில் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர் தலையில் இறங்குகிறது.

தனித்தனிப் பட்டறைகளில் சிதறிக் கிடப்பவர்கள் ஒன்றுசேர முடியுமா என்று கேட்கலாம். இதே நகரத்தில் அது நடந்திருக்கிறது. கிடங்குகளிலும் சந்தைகளிலும் மூட்டை சுமந்த மாத்தாடித் தொழிலாளர்களுக்கு நிலையான முதலாளி கிடையாது. காலையில் ஒரு கடை, மாலையில் ஒரு கடை. அண்ணாசாகேப் பாட்டீல் அவர்களை ஒன்றுதிரட்டினார். 1969-ல் மகாராஷ்டிர அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது. வியாபாரி கூலியையும் அதற்கு மேல் ஒரு தீர்வையையும் வாரியத்தில் கட்டுவார்; வாரியம் கூலியைப் பட்டுவாடா செய்யும், வருங்கால வைப்பு நிதியையும் போனசையும் கவனிக்கும் என்று ஏற்பாடாயிற்று. முதலாளி பலராக இருப்பது அதன்பின் தடையாக இருக்கவில்லை.

தோல் வேலைக்கும் தையல் வேலைக்கும் அப்படி ஒரு வாரியம் ஏன் கூடாது? ஒரு தொழிலில் உள்ளவர்களில் பத்தில் ஒரு பங்கினர் அல்லது 100 பேர், இரண்டில் எது குறைவோ அது இருந்தால் சங்கத்தைப் பதிவு செய்ய மனுச் செய்யலாம் என்கிறது புதிய சட்டம். ஒரு பட்டறையில் நூறு பேர் கிடைக்கமாட்டார்கள். ஒரு சந்தில் கிடைப்பார்கள். பதிவானதும் எல்லாம் நடந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். 2024-ல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தும், அவர்களுடைய சங்கம் 2025 ஜனவரியில்தான் பதிவாயிற்று. பொறுமையும் ஒழுங்கான கணக்கும் வேண்டும்.

மாட்டுங்காவின் குமாஸ்தாக்கள் இதைத் தங்களுக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று தள்ளிவிடக் கூடாது. சட்டத்தின் கண்ணில் எழுத்தர் வேலையும் தொழிலாளர் வேலையே. வங்கி ஊழியர்கள் 1966-ல் முதல் இருதரப்பு ஒப்பந்தம் கண்டது சங்கத்தின் பலத்தால்தான். பதிவேடு எழுதத் தெரிந்தவர்கள், மனு எழுதத் தெரிந்தவர்கள் வாரத்தில் ஒரு மாலை தாராவிக்கு வந்து உட்கார்ந்தால் போதும். பாதி வேலை நடந்துவிடும். கோயிலும் பள்ளியும் கட்டிய தமிழ் அமைப்புகள் அதற்கு ஓர் அறை ஒதுக்கலாம்.

சங்கம் தமிழர் சங்கமாக மட்டும் இருக்கக் கூடாது. அடுத்த மெஷினில் இருப்பவர் மராத்தியோ இந்தியோ பேசுபவர். 1960-களின் பிற்பகுதியில் தென்னிந்தியர்களுக்கு எதிரான கிளர்ச்சி கிளம்பியபோது, மொழியால் பிளவுபட்ட தொழிலாளர்களில் யாருக்கும் கூலி கூடிவிடவில்லை.

இதில் தாமதத்துக்கு இடமில்லை. தாராவி மறுசீரமைப்பு நடந்துவருகிறது. வீட்டுக்காரர் தம் வீட்டுக்காகப் பேசுவார். பட்டறை உரிமையாளர் தம் பட்டறைக்காகப் பேசுவார். அங்கே இரவில் பாய் விரித்துப் படுத்து, பகலில் உழைப்பவருக்காகப் பேச இப்போதைக்கு ஆள் இல்லை. பட்டறைகள் எங்கே போகும் என்று முடிவாகும் முன்னரே, அவற்றில் உழைப்பவர்களின் பெயரும் பட்டியலில் ஏற வேண்டும். மாநில அரசு இதை முதலில் கவனிக்க வேண்டும். பட்டறை முதலாளிகளும் சங்கத்தைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. பெரிய வியாபாரியிடம் நியாயமான பீஸ் விலை கேட்க, கூலிக் கணக்கு எழுத்தில் இருப்பது அவர்களுக்கும் உதவும்.

தொழிலாளி இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பத்துப் பேருக்குக் குறையாத இடமாக இருந்தால் நியமனக் கடிதம் கேட்க வேண்டும். அது சட்டப்படி உரியது. அதற்குக் குறைந்த இடமானாலும் வேலை நாளையும் வாங்கிய கூலியையும் ஒரு நோட்டில் குறித்துவர வேண்டும். அப்படி நூறு நோட்டுகள் ஒரு சந்தில் சேரும் நாளில், "யாரோடு பேசுவது?" என்று கேட்க முதலாளிக்கும் அரசுக்கும் வழியிருக்காது.