தீவில் தங்காத செல்வம்

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் அபிவிருத்தியைப் பற்றிப் பேசுகிறவர்கள், அங்கே ஆண்டுதோறும் வந்துபோகும் உல்லாசப் பிரயாணிகளின் தொகையைச் சொல்லிப் பூரிக்கிறார்கள். வந்தவர்கள் செலவிட்ட பணத்தில் எவ்வளவு அந்தத் தீவுகளிலேயே தங்கிற்று என்ற கேள்வியை எழுப்புவோர் மிகச் சிலரே.

வெகுகாலம் மரமே அத்தீவுகளின் பிரதான ஜீவனோபாயம். 1883-ல் சாத்தம் தீவில் நிறுவப்பட்ட மர அறுவை ஆலையும், பின்னாளில் எழுந்த பிளைவுட் தொழிற்சாலைகளும் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டன. வனம் அழிவதைத் தடுக்க 2002-ம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதற்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்தது நியாயமே. ஆயினும் அத்துடன் ஒடுங்கிய தொழிலின் இழப்பு ஈடாவதற்குள், 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலையும் வந்து சேர்ந்தது. அரசாங்க உத்தியோகம் கிட்டாத இளைஞர்களுக்குப் பிரயாணிகளை நம்பிய தொழிலே இன்று பெருந்துணை.

அந்தத் துணை நிலைக்கவேண்டுமானால் வருமானம் ஊரில் தங்கவேண்டும். அரிசியும் பருப்பும் சிமெண்டும் டீசலும் சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் விசாகப்பட்டினத்திலிருந்தும் கப்பலேறி வரவேண்டிய பிரதேசத்தில், விருந்தினர் உண்ட உணவின் விலையில் பெரும்பகுதி, சரக்கு வந்த கப்பலின் வழியே நிலப்பரப்புக்குத் திரும்பிவிடுகிறது; வெளியூர் நிறுவனங்கள் நடத்தும் விடுதிகளின் லாபமும் அவ்வாறே. இத்தனைக்கும் இந்தியாவின் பிரத்தியேகப் பொருளாதாரக் கடற்பரப்பில் ஏறத்தாழ 30 சதவீதம் இத்தீவுகளைச் சூழ்ந்தே விரிந்து, சூரை மீன் நிறைந்து கிடக்கிறது. கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாய் வந்தவர்களின் சந்ததியார் பயிரிடும் நீல் தீவோ (இன்றைய ஷஹீத் தீவு), காய்கறிக்குப் பேர்போனது.

தண்ணீர் விஷயம் இன்னும் கவலைக்குரியது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் பூமியில், பிரயாணிகள் திரளும் ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான வறண்ட மாதங்களிலேயே போர்ட் பிளேர் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) வாசிகள் குழாய் நீருக்கு நாள் கணக்கில் காத்திருக்கும் நிலை நேர்கிறது. பணம் தங்குவது மட்டுமன்றி, அது வரும் வழியும் முக்கியம்: ஜாரவாப் பழங்குடியினரின் வனத்தினூடே செல்லும் சாலையில் மனிதரையே காட்சிப்பொருளாக்கி ஈட்டிய காசை, வருமானம் என்று சொல்லவும் நான் கூசுகிறேன்.

புதிய விடுதி எதற்கும் அனுமதி வழங்குமுன், ஒரு கோடைக்குப் போதுமான மழைநீர்த் தேக்கம் அதற்குண்டா, மீனிலும் காய்கறியிலும் கணிசமான பங்கை உள்ளூரிலேயே கொள்முதல் செய்யுமா என்று யூனியன் பிரதேச நிர்வாகம் விசாரித்து நிபந்தனை விதிக்கவேண்டும். சென்னையிலிருந்து புறப்படும் நம்மவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பிரயாணம், தங்குமிடம், உணவு அனைத்துக்கும் இங்கேயே ஒட்டுமொத்தமாகப் பணம் கட்டிவிடாமல், தீவுவாசிகளே நடத்தும் விடுதியைத் தேடித் தங்குங்கள், அங்கே பிடித்த மீனையும் அங்கே விளைந்த காயையும் கேட்டு வாங்கி உண்ணுங்கள்.