நேற்று நாம் அந்நியர்

அண்மையில் ஒரு ஞாயிறு காலை. திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்தனர். கோவிலின் கடைசித் தூணருகே, ஜார்க்கண்டிலிருந்து வேலை தேடி வந்த இளைஞர் நால்வர் இன்னும் முழந்தாளிட்டு ஜெபித்துக்கொண்டிருந்தனர். பங்கின் பெரியவர் ஒருவர் நம்மை அணுகி, "சாமி, இந்த வடக்கத்தியான்களை இப்படியே விட்டால் நாளைக்கு ஊர் நம்முடையதாக இராது" என்றார். அவர் தீயவரல்லர். பலர் மனத்தில் உள்ளதை அவர் வாய்விட்டுச் சொன்னார், அவ்வளவே. ஆகவே மறுமொழியை அனைவருக்குமாக எழுதுகிறோம்.

நம்முடைய ஊர் என்கிறோம். விருத்தாசலத்துக்குப் பெயர் தந்தது பீங்கான் தொழில். பீங்கான் என்பதோ பாரசீகத்திலிருந்து வந்த சொல். வெண்களிமண்ணைக் குறிக்கும் கயோலின் என்ற பெயர் சீனத்து ஊரொன்றின் பெயரிலிருந்து பிறந்தது. வந்த சொற்களை நமதாக்கிக்கொண்ட நமக்கு, வந்த மனிதர் மட்டும் கசப்பதேன்?

எல்லைக்கோட்டைக் காட்டுவோர் உண்டு. அக்கோடுகளின் வயது என்ன? தமிழகத்தின் எல்லை மொழிவாரியாக வகுக்கப்பட்டது 1956-இல். நம் கடலூர் மாவட்டம் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்தது 1993-இல். ஜார்க்கண்ட் தனி மாநிலமானது 2000-இல். நம் பெற்றோரின் வாழ்நாளுக்குள் வரையப்பட்ட கோடுகளைப் படைப்பின் முதல் நாளிலேயே இறைவன் வரைந்தவைபோல் பேசலாமா? மேலும், 1802-இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலையருகே அளந்த அடிக்கோட்டிலிருந்தே இமயம்வரை நீண்ட பெரும் முக்கோண அளவீடு வளர்ந்தது. கடல் கடந்து வந்த திருத்தூதர் தோமையார் குருதி சிந்தியதாக நம் மரபு போற்றும் மலை அது. அங்கே தொடங்கிய வரைபடத்துக்குள்தான் அவ்விளைஞர்களின் சிற்றூரும் இருக்கிறது. நாட்டின் எப்பகுதியிலும் குடியிருக்கும் உரிமையை அரசியலமைப்பின் 19-ஆவது உறுப்பு அவர்களுக்கும் அளித்துள்ளது.

கோடுகள் மனிதரை என்ன செய்யும் என்பதைத் தமிழர் நாம் பிறரிடம் கேட்டறிய வேண்டியதில்லை. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து சென்றவர்களே இலங்கையின் மலைநாட்டைத் தேயிலைத் தோட்டமாக்கினர். 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்டனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. அம்மக்களைக் கேட்டவர் எவருமிலர். அங்கே 'இந்தியத் தமிழர்' எனப்பட்டோர் நீலகிரிக்கு வந்தபோது 'சிலோன்காரர்' ஆயினர். அப்பெயரைச் சூட்டியவர் சிங்களவர் அல்லர், நாமே.

"அவர்கள் வந்ததால் நம் பிள்ளைகளின் கூலி குறைகிறது" என்பர். இது பொருட்படுத்தத்தக்க வாதம். வேலையற்ற வீட்டின் துயரை நாம் அறியாதவரல்லோம். ஆயினும் கூலியைக் குறைப்பவர் இரயிலில் வந்திறங்குபவரா, அவருக்குக் குறைத்துக் கொடுப்பவரா? புலம்பெயர் தொழிலாளருக்கு உள்ளூராருக்கு நிகரான ஊதியம் தரவேண்டுமென்று 1979-இலேயே நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அதைச் செயற்படுத்தும்படி நம் பங்கிலிருந்து எத்தனை குரல்கள் எழுந்தன? வலியவரைக் கேட்க அஞ்சுகிறோம். எளியவரை வெறுக்கத் துணிகிறோம். இதற்கு ஊர்ப்பற்று என்று பெயர் சூட்டுவது பொய்.

எகிப்தில் அந்நியராயிருந்ததை மறவாதிருக்கும்படி இஸ்ரயேலருக்குத் திருச்சட்டம் மீண்டும் மீண்டும் நினைவூட்டியது. மறப்பவர் கொடியவராவர் என்பதை அது அறிந்திருந்தது. நமக்கோ நினைவூட்ட எகிப்து வேண்டா; நுவரெலியாவும் பதுளையும் போதும்.

வரும் ஞாயிறு அவ்விளைஞர்கள் மீண்டும் வருவர். அவர்களின் பெயரையும் ஊரையும் கேட்டுப் பங்குக் குடும்பப் பதிவேட்டில் எழுத இருக்கிறோம். அன்று அவர்களைக் கடைசித் தூணிலிருந்து முன்வரிசைக்கு அழைத்து வரும் பொறுப்பை அப்பெரியவரிடமே ஒப்படைத்துள்ளோம். அவர் இன்னும் இசையவில்லை, காத்திருக்கிறோம்.