பரிசலில் ஏறுமுன்

துருக்கி நாட்டின் தென்கரையில் அந்தாலியா என்றொரு துறைமுக நகரம் உள்ளது. டூடென் என்னும் ஆறு அந்நகரின் கிழக்கே, ஏறத்தாழ 40 மீட்டர் உயரமுள்ள பாறை விளிம்பிலிருந்து நேரே மத்தியதரைக் கடலுக்குள் விழுகிறது. பழைய துறைமுகத்தில் படகேறினால் அரைநாளில் அந்த அருவியைக் கடலிலிருந்தே கண்டு, வழியில் ஓரிரு இடங்களில் இறங்கி நீந்திவிட்டுத் திரும்பலாம். 1330களின் தொடக்கத்தில் இப்னு பதூதா இந்நகரில் தங்கி, இங்கிருந்த கைத்தொழில் சகோதரர்களின் விருந்தோம்பலை வியந்து எழுதினார். அதே பயணி பின்னாளில் நம் மதுரைக்கும் வந்தார் என்பது தனிக்கதை. பின்னலாடை வணிகத்தின் பொருட்டு அந்நாட்டுக்குச் சென்று வருவோர் இருப்பதால், அந்தப் படகுப் பயணத்தைப் பற்றித் திருப்பூர் வட்டார வாசகர்கள் சிலர் கேள்வியுற்றிருக்கலாம்.

தமிழகக் கரையில் இப்படியோர் அருவியைக் காண இயலாது. நம் ஆறுகள் மலையை விட்டு இறங்கியபின் நெடுந்தொலைவு சமவெளியில் நடந்து, களைத்து, மணலில் பரவித்தான் கடலை அடைகின்றன. ஆயினும் படகில் போய் அருவியைக் காண்பதும் இடையில் நீராடுவதுமான அந்த இன்பம் நமக்கு மறுக்கப்படவில்லை. கடலோரத்தில் அன்று, காவிரியில் அது கிட்டுகிறது. தருமபுரி மாவட்டத்து ஒகேனக்கல்தான் அந்த இடம். கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. 'கல்' நம் கல்லேதான். விழும் நீர் புகையாய் எழும் பாறை என்பது பொருள்.

பொங்கலூரிலும் பல்லடத்திலும் காங்கயம் சாலையோரத்து ஊர்களிலும் வாழும் குடும்பங்களுக்கு ஒகேனக்கல் புதிதன்று. பனியன் கம்பெனியில் ஒரே லைனில் தைப்போர் சேர்ந்து வேன் பிடித்துப் போகின்றனர். விசைத்தறிக் கூடத்திற்கும் கோழிப் பண்ணைக்கும் ஞாயிறு விடுமுறை வாய்த்தால் அண்டை வீட்டார் சேர்ந்து போகின்றனர். பெருநாளுக்கு மறுநாள் நம் சமுதாயக் குடும்பங்களும் சுற்றத்தாரோடு புறப்படுகின்றன. பவானி, மேட்டூர், பென்னாகரம் வழியாக நான்கைந்து மணி நேரப் பயணம். சுபுஹுத் தொழுகை முடித்துக் கிளம்பினால் வெயில் ஏறுமுன் பரிசல் துறையில் நிற்கலாம்.

நீர் வேண்டிப் பயணம் போகும் இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்பதும் நமக்குத் தெரியாததன்று. நம் பக்கத்து ஆறாகிய நொய்யலில் இறங்கிக் குளித்த தலைமுறை முதியோராகிவிட்டது. சாயக்கழிவு அந்த ஆற்றை என்ன செய்தது என்பதற்கு ஒரத்துப்பாளையம் அணையே சாட்சி. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிடும் அளவுக்கு அந்தக் கேடு முற்றியிருந்தது. வீட்டு வாசலில் ஆறு கெட்டுப்போனவர், தெளிந்த நீரைக் காண நான்கு மாவட்டம் தாண்டியும் போகத்தான் செய்வார்.

அதனினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அதைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

கொங்கு நாட்டில் நீச்சலைக் கற்பித்தவை ஆறுகளல்ல; கிணறுகள். தோட்டத்துக்குத் தோட்டம் இருந்த அகன்ற பாசனக் கிணற்றில், உலர்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி அத்தாவோ மாமாவோ பிள்ளையைத் தள்ளிவிடுவார். மூன்றாம் நாள் குடுக்கை கழலும். பத்தாம் நாள் பிள்ளை மேட்டிலிருந்து குதிக்கும். பெண் பிள்ளைகளும் தம் வீட்டுக் கிணற்றில் கற்றதுண்டு. பிறகு ஆழ்குழாய்க் கிணறு வந்தது. நிலத்தடி நீர் நூற்றுக்கணக்கான அடிகள் கீழே போயிற்று. திறந்த கிணறுகள் வறண்டன, பல குப்பைக்குழிகளாயின, சில தூர்க்கப்பட்டு அவற்றின்மேல் கட்டடம் எழுந்தது. ஆறங்குல வாய் கொண்ட குழாயில் யார் நீந்தக் கற்பது? இன்று நாற்பது வயதுக்குக் கீழுள்ளோரில் நீந்தத் தெரிந்தவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அத்தகையோர் இருபது பேர் ஒரு வேனில் ஏறி, காவிரியின் மிகச் சீற்றமான ஓரிடத்துக்குக் குளிக்கப் போகின்றனர். பெற்றோர் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கவேண்டும்.

இனிப் பரிசலைப் பற்றி. மூங்கில் பிளாச்சுகளால் பின்னிய வட்டக்கூடை அது. முற்காலத்தில் எருமைத்தோல் போர்த்தினர். இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும் அதன் இடத்தைப் பிடித்துவிட்டன. அடி தட்டையானது, ஆதலால் படகு தட்டி நிற்கும் ஆழமற்ற பாறைமேலும் வழுக்கிச் செல்லும். கரையேறியதும் ஒருவரே தலைகீழாய்க் கவிழ்த்துச் சுமந்து போகும் அளவுக்கு எடை குறைந்தது. பாறைகள் நெருங்கிய இந்த ஆற்றுக்கு இதைவிடப் பொருத்தமான கலம் இல்லை. ஆனால் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அடிக்கட்டை என்பதே கிடையாது. துடுப்பு ஓய்ந்தால் சுழலும். ஒரே பக்கத்தில் இருவர் எழுந்து நின்றால் கவிழும். ஆகவே பரிசலில் ஏறுபவர் நடுவை நோக்கி, கால்களை மடித்துத் தரைமட்டத்தில் அமர்வதே முறை. படம் எடுக்க எழுந்து நிற்பதும், அருவி தெரிந்ததும் அனைவரும் ஒரு பக்கம் சாய்வதும் கூடாது. மகிழ்விப்பதற்காகப் பரிசலை வேகமாய்ச் சுழற்றிக் காட்டுவோர் உண்டு. குழந்தைகள் இருக்கையில் அந்த வேடிக்கை வேண்டாமென்று ஏறும்போதே சொல்லிவிடுவது நல்லது. அவர்கள் கோபிப்பதில்லை.

ஒரு பக்கம் சாய்வது எத்தனை கொடியது என்பதைத் தேக்கடி சொல்லும். 2009 செப்டம்பர் 30 அன்று அங்கே ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். கரையில் விலங்குகளைக் காண மக்கள் ஒரு பக்கமாய்த் திரண்டது ஒரு காரணம் எனச் சொல்லப்பட்டது. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் 22 பேர். 2023 மே 7 அன்று கேரளத்துத் தானூரில் மீண்டும் 22 பேர். அவர்களுள் பலர் குழந்தைகள், ஒரே குடும்பத்தினர் பலர். பெருநாளும் விடுமுறையும் வந்தால் உறவினர் அனைவரும் ஒரே கலத்தில் ஏற விரும்புகிறோம். அன்பின் மிகுதிதான். ஆயினும் பரிசலில் அனுமதித்த எண்ணிக்கைக்குமேல் ஒரு கைக்குழந்தையைக்கூட ஏற்றக்கூடாது. குடும்பத்தை இரண்டு மூன்று பரிசல்களாய்ப் பிரித்து ஏறுவதில் குறைவு ஏதுமில்லை. ஒகேனக்கல்லிலும் 2015ஆம் ஆண்டில் பரிசல் கவிழ்ந்து, சுற்றுலா வந்த ஒரு குடும்பத்தினர் உயிரிழந்தனர்.

மிதவைச் சட்டை துறையிலேயே தரப்படுகிறது. பலர் அதைப் பெற்று மடியில் வைத்துக்கொள்கின்றனர். ஈரமாயிருக்கிறது, வியர்வை நாற்றம் அடிக்கிறது, படத்தில் அழகாயில்லை என்கின்றனர். கொக்கிகளை எல்லாம் மாட்டி, வாரை இறுக்கி, தோளைப் பிடித்து மேலே இழுத்தால் மோவாய்க்கு மேல் ஏறாமல் நிற்கவேண்டும். பெரியவர் சட்டையைக் குழந்தைக்குப் போட்டால் நீரில் விழுந்த கணமே குழந்தை அதிலிருந்து நழுவிவிடும். குழந்தைக்கு அளவான சட்டை இல்லையெனில் குழந்தையைக் கரையில் ஒருவரிடம் விட்டுச் செல்வதே அறிவு.

நம் சகோதரிகளுக்குத் தனியே ஒரு சொல். புர்காவும் துப்பட்டியும் சேலையும் நனைந்தால் கனக்கும், கால்களைச் சுற்றும். மானத்தைக் காக்கும் ஆடைக்கும் உயிரைக் காக்கும் சட்டைக்கும் பகையில்லை. உள்ளே சல்வார் போன்ற கால்பிரிந்த உடை அணிந்து, தொங்கும் முனைகளைச் செருகிக்கொண்டு, மேலாடைக்கு வெளியே மிதவைச் சட்டையைப் பூட்டிக்கொள்ளலாம். சட்டைக்கு மேலே புர்கா அணிந்தால் தேவைப்படும் நேரத்தில் வாரைப் பிடித்துத் தூக்க எவராலும் இயலாது. நீராடுவதற்குக் காலையிலேயே போய்விட்டால் கூட்டமும் குறைவு, கூச்சமும் குறைவு. குடித்துவிட்டுக் கூச்சலிடும் கூட்டம் பொதுவாக நண்பகலுக்குப் பின்னரே வந்து சேர்கிறது.

இவை எல்லாவற்றிலும் மேலாக மனத்தில் இருத்தவேண்டியது ஒன்று. அருவியில் நம் தலைக்குமேல் தெரியும் வானம் நமக்கு எதையும் சொல்வதில்லை. ஒகேனக்கல்லில் மழையே பெய்யாமல் வெள்ளம் வரும். வயநாட்டில் பெய்த மழை கபினி அணையை நிரப்பும். குடகில் பெய்தது கிருஷ்ணராஜ சாகரத்தை நிரப்பும். அங்கே மதகு திறந்தால், இங்கே வெயில் காயும் ஒரு பிற்பகலில் நீர் ஏறத் தொடங்கும். எல்லையில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் வரத்தை அளக்கிறது. (2018 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் தமிழகத்துக்கென உறுதிசெய்த 177.25 டி.எம்.சி. அளக்கப்படுவதும் இதே இடத்தில்தான்.) ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். நாளிதழில் 'வினாடிக்குப் பத்தாயிரம் கன அடி' என்று படித்தால், ஒவ்வொரு வினாடியும் இரண்டு லட்சத்து எண்பதாயிரம் லிட்டர் நம்மைக் கடக்கிறது என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். 2018 ஆகஸ்டில் இவ்வரத்து இரண்டு லட்சம் கன அடியையும் தாண்டியது. அருவிகளே தெரியாதபடி ஆறு எல்லாவற்றையும் மூடி ஓடிற்று. வரத்து உயர்ந்தால் மாவட்ட நிர்வாகம் பரிசலையும் குளியலையும் தடை செய்கிறது. இருநூறு கிலோமீட்டர் வந்துவிட்டோமே என்று காவலரோடு வாதிடுவோரைக் காணும்போது வருத்தமே மிஞ்சுகிறது. புறப்படும் முதல்நாள் மாலை வரத்தைக் கேட்டறிந்தால் அந்த வாதத்துக்கே இடமில்லை. ஜூலை, ஆகஸ்டில் போவதைவிட, மழை ஓய்ந்து நீர் தெளிந்த மாதங்களைத் தேர்ந்துகொள்வது சிறப்பு.

இந்தப் பாடத்தைக் கற்க நாம் தருமபுரி வரை போகவும் வேண்டியதில்லை. உடுமலைக்கு அருகே திருமூர்த்தி மலைப் பஞ்சலிங்க அருவியில் 2008 மே மாதத்தில் திடீர் வெள்ளம் இறங்கிக் குளித்துக்கொண்டிருந்தோர் பலரை அடித்துச் சென்றது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் 17 வயது மாணவர் ஒருவர் அவ்விதமே இறந்தார். இரண்டிடத்தும் நீர் மேலே மலையிலிருந்துதான் வந்தது. தெளிந்த நீர் சட்டென்று செம்மண் நிறமாவதும், சருகும் சுள்ளியும் மிதந்து வருவதும், அருவியின் ஓசை கனப்பதும் அறிகுறிகள். அவற்றுள் ஒன்றைக் கண்டாலும் சோப்பையும் துண்டையும் விட்டுவிட்டு மேடேற வேண்டும்.

அமைதியாய்த் தோன்றும் மடுக்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அருவி கண்ணுக்கு அச்சம் தருவதால் அங்கே எவரும் எச்சரிக்கையாய் இருப்பர். அதைக் கடந்து, பரிசல் சற்று நிற்கும் பாறையிடுக்கில், பச்சை நிறத்தில் அசைவற்றிருக்கும் நீர்தான் ஏமாற்றுகிறது. ஒகேனக்கல் பாறைகளில் நெடுங்காலமாய்க் கற்கள் சுழன்று சுழன்று குடைந்த குழிகள் உள்ளன. முழங்கால் நீரில் நிற்பவர் அடுத்த அடியில் தலைமறைய அமிழலாம். அருவி விழும் இடத்து நுரைநீரிலோ பாதி காற்று. அது உடலைத் தாங்காது, நீந்தத் தெரிந்தவரையும் உள்ளிழுக்கும். காவிரியின் இப்பகுதியில் முதலைகளும் உண்டு. ஊருக்குள்ளேயே முதலைகளுக்கான மறுவாழ்வு மையம் வைத்திருக்கிறார்கள். அனுமதித்த இடத்தைத் தவிர வேறெங்கும் இறங்கலாகாது.

நீரில் மூழ்குபவர் திரைப்படத்தில் போலக் கையசைத்துக் கூவுவதில்லை. மூச்சுக்கே வாய் போதாதபோது கூவுவதெப்படி? தலை பின்சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில் இருக்க, ஓசையின்றி ஒரு நிமிடத்துக்குள் அமிழ்ந்துவிடுவர். குழந்தையின் அருகே கை எட்டும் தூரத்தில் ஒருவர், வேறு வேலையின்றி, கைப்பேசியின்றி நிற்கவேண்டும். எவரேனும் தத்தளித்தால் நீந்தத் தெரியாதவர் பின்னாலேயே குதிப்பதால்தான் ஒரு சாவு மூன்றாகிறது. கயிறோ சேலையோ மூடிய காலி கேனோ எறிந்து பற்றச் செய்க. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அதே ஆண்டில்தான் ஐ.நா. சபை ஜூலை 25ஆம் நாளை நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாளாக அறிவித்தது.

பொங்கலூர்ப் பிள்ளைகளுக்கு இன்னோர் ஆபத்து வீட்டருகிலேயே ஓடுகிறது. பி.ஏ.பி. வாய்க்காலில் நீர் திறந்ததும் சிறுவர்கள் குதிக்கின்றனர். சிமெண்ட் பூசிய சரிவுக்கரையில் பாசி படிந்திருக்கும். இறங்குவது எளிது, ஏறுவதற்குப் பிடிமானம் கிடையாது. கிணறு கற்பித்ததை வாய்க்கால் கற்பிக்காது. நீர் நிறைந்த நல்ல கிணறு இன்னும் எந்தத் தோட்டத்திலேனும் இருந்தால், உரிமையாளரிடம் இசைவு பெற்று, நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் மேற்பார்வையில் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் கற்பிக்க ஜமாஅத்தோ பெற்றோரோ முன்வரலாம். பெண் பிள்ளைகளுக்கு வேறு நேரம் ஒதுக்கலாம்.

பரிசல் திரும்பிக் கரை சேர்ந்ததும் பசி மிகும். துறையருகே அப்போதே பிடித்த ஆற்றுமீனை மசாலா தடவி வறுத்துத் தருகின்றனர். மீனாதலால் நம்மவர்க்கு உணவுத் தயக்கமும் இல்லை. விலையை முன்னரே பேசிக்கொள்ளுங்கள். காவிரி மீனில் நுண்முள் மிகுதி. சிறு பிள்ளைகளுக்குப் பிசைந்து பார்த்து ஊட்டவும்.