ஹோட்டல் போலவா வீடு?

மேச்சேரியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். மாமனார் காலத்துத் தொட்டிக்கட்டு வீட்டின் கூரையைப் பிரித்து, முற்றத்தை மூடி, பெரிய ஹோட்டல் அறை மாதிரி ஆக்கிவிட வேண்டும் என்று பிள்ளை ஒரே பிடிவாதமாம். தீர்ப்பை என் தலையில் கட்டிவிட்டார்!

பிள்ளையாண்டானை ஒரு நடை செட்டிநாட்டுப் பக்கம் அனுப்பிவையுங்கள், அம்மா. கானாடுகாத்தானில் 'விசாலம்' என்று ஒரு ஹோட்டல். வசதியுள்ளவர்கள் தங்கும் இடந்தான். ஆனால் அது ஹோட்டலாகக் கட்டியதல்ல. ராமநாதன் செட்டியார் என்பவர் தம் மூத்த மகள் விசாலாட்சிக்காகக் கட்டிய வீடு. கொச்சியைச் சேர்ந்த சி.ஜி.எச். எர்த் நிறுவனத்தார் அதை விடுதியாக்கினார்கள். காரைக்குடியில் 'தி பங்களா' என்ற விடுதியும் செட்டியார் குடும்பத்துக் கட்டடமே. மீனாட்சி மெய்யப்பன் என்ற அம்மையார் அதை நடத்தி, வாழை இலைச் சாப்பாட்டாலேயே பெயர் வாங்கிவிட்டார்.

சீமையிலிருந்து வருகிறவர்கள் அங்கே எதற்குப் பணம் கொடுக்கிறார்கள்? முற்றத்து வெளிச்சத்துக்கு, பர்மாத் தேக்குத் தூணுக்கு, ஆத்தங்குடிக் கல்லுக்கு! அந்தக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வர்ணச் சிமெண்டை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, பிறகு தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். கண்ணாடியின் வழவழப்பு கல்லில் இறங்கிவிடுகிறது. இன்றும் கையால்தான் செய்கிறார்கள்.

இத்தனை அழகான வீடுகள் ஏன் பாழாயின என்று கேட்பீர்கள். வளவைச் சுற்றிக் கல்யாணமான பிள்ளைகளுக்கு ஆளுக்கோர் அறை. தலைமுறை பெருகப் பங்காளிகளும் பெருகி, பழுதுபார்க்க ஆளில்லாமல் போயிற்று. எத்தனையோ வீடுகளின் தூணும் கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. விடுதியான வீடுகள் தப்பின.

இன்னொன்று. அந்நாளில் முகப்பில் ஆண்கள் உட்கார்ந்து கணக்கு வழக்குப் பேசுவார்கள்; பெண்கள் பாடு பின்கட்டோடு சரி. இன்று விடுதிக்கு வரும் பெண்மணி முகப்பிலேயே சாய்ந்துகொண்டு காப்பி குடிக்கிறாள். பழைய வீட்டில் இதை மட்டும் மாற்ற எனக்குப் பூரண சம்மதம்!

சரி, விடுதிக்காரர்கள் புதிதாகச் சேர்த்தது என்ன? அறையோடு குளியலறை, குளிர்சாதனம், நல்ல மின்விளக்கு. முற்றத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். உங்கள் பிள்ளைக்கும் அந்தச் சௌகரியங்கள்தானே வேண்டும்? பின்கட்டு அறை ஒன்றில் குளியலறை வைக்கட்டும். திருட்டுப் பயம் இருந்தால் முற்றத்தின் மேல் இரும்புக் கம்பி போடட்டும். உடைந்த ஓடுகளை மாற்றட்டும். கூரையைத்தான் பிரிப்பேன் என்றால், மேச்சேரியிலேயே காங்கிரீட் தளத்தின் கீழ் சித்திரை மாதத்து மத்தியானம் படுத்திருப்பவர்களை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அப்புறம் கடப்பாரையைத் தொடச் சொல்லுங்கள்.